1995 காடிலாக் ஃப்ளீட்வுட் ப்ரோம் விற்பனைக்கு வந்திருக்கு: எதையெல்லாம் பார்க்கணும்?

#1 நெடுஞ்சாலை

ஓஹையோவில் ஒரு 1995 ஃப்ளீட்வுட் ப்ரோம் விளம்பரம். மெரூன் நிறம், அதே நிறத்தில் வினைல் கூரை, உள்ளே தோல் சீட். 61,000 மைல், இரண்டாவது உரிமையாளர், கேட்கும் விலை 13,500 டாலர். "எப்போதும் கராஜில் நின்றது, எந்தக் குறையும் இல்லை" என்று விற்பவர் போட்டிருக்கிறார்.

கேட்டதும் 40 படம் அனுப்பினார். எஞ்சின் பகுதி ஷோரூம் மாதிரி பளபளக்கிறது. காருக்கு அடியில் ஒரு படம்கூட இல்லை. ஆயில் மாற்றிய பில்கள் 2009 முதல் இருக்கின்றன, வேறு பில் கிடையாது.

மூன்று கேள்வி:

எஞ்சினில் எதைச் சோதிக்க வேண்டும்?
விலை சரிதானா?
நியூ ஜெர்சிக்குச் சுமார் 450 மைல். ஓட்டியே கொண்டு வரலாமா?

#2 கவலைக்காரன்

90களின் காடிலாக்கா? வேண்டாம் நண்பரே. ஹெட் போல்ட் மரையோடு பிடுங்கிக்கொண்டு வரும், ஹெட் கேஸ்கெட் போகும், எஞ்சினையே இறக்க வேண்டியிருக்கும். காசு கொடுத்துத் தலைவலி வாங்குகிற கதை.

#3 எட்டு சிலிண்டர்

அது வேற கார், வேற எஞ்சின். இந்தக் குழப்பம் எல்லா இழையிலும் வரும், இங்கேயே முடிச்சிடுவோம்.

நீங்க சொல்ற ஹெட் போல்ட் பிரச்சினை நார்த்ஸ்டார் எஞ்சினுக்கு. அலுமினிய பிளாக், குறுக்கே வெச்சது, முன்சக்கர ஓட்டம். டெவில், செவில், எல்டொராடோ எல்லாம் அந்த வழி. 1993 முதல் 1996 வரை வந்த ஃப்ளீட்வுட் பின்சக்கர ஓட்டம். தனி சேஸி மேல பாடி உட்கார்ந்த பழைய கட்டுமானம். டெக்சஸ் ஆர்லிங்டன் ஆலையில கேப்ரிஸ், ரோட்மாஸ்டர், இம்பாலா எஸ்எஸ் கூட ஒண்ணா உருட்டிவிட்டது. 1996 டிசம்பரோட இந்த வரிசைக்கே மூடுவிழா.

1993-ல த்ராட்டில் பாடி இன்ஜெக்‌ஷன் 5.7 லிட்டர், 185 குதிரைத்திறன். 1994-லிருந்து எல்டி1 5.7, 260 குதிரைத்திறன், பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. வின் எண்ல (காரோட 17 எழுத்து அடையாள எண்) எட்டாவது எழுத்து 'பி' (P) இருந்தா எல்டி1. பத்தாவது 'எஸ்' இருந்தா 1995. பதினொன்றாவது 'ஆர்' இருந்தா ஆர்லிங்டன். டேஷ்போர்டு ஓரத்துல கண்ணாடி வழியா பார்த்தாலே தெரியும்.

இன்னொண்ணு. 1985-லிருந்து 1992 வரைக்கும் ஃப்ளீட்வுட்னு பேர் வெச்சது முன்சக்கர ஓட்டக் கார். அதனால பார்ட்ஸ் தேடும்போது ஆண்டு போடாம தேடினா கண்டதும் வந்து நிக்கும். 'ப்ரோம்' இந்த நாலு வருஷத்துல தனி மாடல் இல்ல, ஃப்ளீட்வுட் மேல ஏத்தின ஆப்ஷன் பேக்கேஜ்.

#4 பழைய இரும்பு

எஞ்சினைப் பற்றி அப்புறம் பேசலாம். நீங்கள் கேள்வியையே தலைகீழாகக் கேட்கிறீர்கள்.

இந்தக் காரின் எஞ்சின், கியர்பாக்ஸ், முன் சஸ்பென்ஷன், பிரேக் டிஸ்க் எல்லாம் கேப்ரிஸோடு பொது. கேப்ரிஸ் போலீஸ் வண்டியாகவும் டாக்சியாகவும் எத்தனையோ ஓடியது, அதனால் சாமான் இன்றும் கடையில் கிடைக்கிறது. ஆனால் பின் விளக்குக் கண்ணாடி, கதவுக்குக் கீழே ஓடும் அகலப் பளபளப்புப் பட்டை, பின் சக்கரத்தைப் பாதி மூடும் ஸ்கர்ட், கிரில், சீட் ஓரத்து பிளாஸ்டிக் இவையெல்லாம் இந்த நாலு ஆண்டு ஃப்ளீட்வுட்டுக்கு மட்டுமே வந்தவை. உடைந்தால் இன்னொரு ஃப்ளீட்வுட்டிலிருந்துதான் கழற்ற வேண்டும். ஆகவே பணம் பாடிக்கும் பூச்சுக்கும் கொடுங்கள், எஞ்சினுக்கு அல்ல.

இதில் முதல் எதிரி அந்த வினைல் கூரை. துணிக்கு அடியில் மெத்தைப் பஞ்சு இருக்கிறது. பின் கண்ணாடியைச் சுற்றியுள்ள பட்டைக் கிளிப் துளை வழியாக ஒருமுறை தண்ணீர் இறங்கினால் பஞ்சு அதை மாதக்கணக்கில் விடாது. தகடு உள்ளிருந்து அரிக்கும், வெளியே துணி முழுசாகவே தெரியும். கராஜில் நின்ற காராக இருந்தாலும் வாரம் ஒருமுறை கழுவியிருந்தால் போதும், வேலை முடிந்தது.

சோதிக்கும் முறை இது. வெயிலில் நின்று கூரையைச் சாய்வாகப் பாருங்கள், நேராகப் பார்த்தால் தெரியாது. பின் கண்ணாடியின் கீழ் இரண்டு மூலை, பின்தூண் முடிந்து மட்கார்டில் சேரும் இடம், முன் கண்ணாடிக்கு மேல் விளிம்பு, இந்த நாலு இடத்தில் துணிக்கடியில் அரிசி மணி தூவினாற்போல் மேடு இருக்கிறதா பாருங்கள். கட்டைவிரலால் அழுத்துங்கள். நல்ல இடம் மெத்தென்று அமுங்கி மீளும். கெட்ட இடம் அப்பளம் நொறுங்குகிற மாதிரி சத்தம் கொடுக்கும். அந்தச் சத்தம் கேட்டால் அடியில் இருப்பது தகடு அல்ல, துருச் செதில்.

பிறகு டிக்கியைத் திறந்து கார்ப்பெட்டைத் தூக்குங்கள். ஸ்டெப்னி உட்காரும் குழியில் நீர்க்கோடு, மண் படிவு இருந்தால் தண்ணீர் வந்த வழி பெரும்பாலும் பின் கண்ணாடிதான். இதைச் சரிசெய்ய வினைலை உரித்து, கண்ணாடியைக் கழற்றி, அழுகிய தகட்டை வெட்டி, புதுத் தகடு வெல்டு வைத்து, மறுபடி கூரை போர்த்த வேண்டும். மேலே சிலிக்கான் தடவி நிறுத்திவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உள்ளே போன ஈரம் அப்புறம் வெளியேறவே முடியாது.

இரண்டாவது, கீழ்ப்பட்டை. அந்த அகலப் பட்டைக்குப் பின்னால் உப்பும் மண்ணும் சேர்ந்து கதவடித் தகட்டைத் தின்னும், பட்டையோ பளிச்சென்று நிற்கும். ஓஹையோ குளிர்காலத்தில் சாலைக்கு உப்பு கொட்டும் ஊர். காரைத் தூக்கி, பட்டையின் அடிவிளிம்புக்கு மேலே விரல் விட்டுப் பாருங்கள், தகட்டில் காந்தமும் வைத்துப் பாருங்கள், ஒட்டாத இடத்தில் துருவை மறைக்க அப்பிய பட்டி (putty) இருக்கிறது.

மூன்றாவது, சேஸி. பின் சக்கரத்துக்கு மேலே வளைந்து ஏறும் பகுதியும் அதற்குப் பின்னால் உள்ள பாடி மவுண்டும். சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். "டங்" என்றால் சரி, "டப்" என்றால் விடுங்கள். சேஸியோடு ஒட்டி ஓடும் பிரேக் குழாய், பெட்ரோல் குழாய் இரண்டையும் நீளம் முழுக்கப் பாருங்கள். மேல்துரு பரவாயில்லை, செதில் உதிர்ந்தால் புதுசு போட வேண்டும்.

அடியில் ஒரு படமும் அனுப்பவில்லை என்றால் முதலில் அதைத்தான் கேட்டிருக்க வேண்டும். புதிதாகக் கறுப்பு அண்டர்கோட் அடித்திருந்தால் இன்னும் சந்தேகம்.

#5 நெடுஞ்சாலை

நன்றி. கூரைப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பின் கண்ணாடி இடது கீழ் மூலையில் லேசான நிழல் மாதிரி ஏதோ தெரிகிறது, மேடா வெளிச்சமா என்று சொல்ல முடியவில்லை. நேரில்தான் பார்க்க வேண்டும்.

எஞ்சின் பளபளப்பு பற்றிக் கேட்டதற்கு "விற்பதற்காகப் பிரஷர் வாஷ் செய்தேன்" என்றார்.

#6 ரெஞ்ச் ராணி

பிரஷர் வாஷா! எல்டி1 எஞ்சின்ல அது செய்யவே கூடாத வேலை. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளம்.

இந்த எஞ்சின்ல டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரிச்சு அனுப்புற பெட்டி) மேல பின்பக்கம் இருக்காது. ஆப்டிஸ்பார்க்னு பேர், எஞ்சின் முன்முகத்துல, கேம்ஷாஃப்ட் முனையில தட்டு மாதிரி உட்கார்ந்திருக்கும். சரியா அதுக்கு மேலதான் வாட்டர் பம்ப். பம்ப் சீல் தேய்ஞ்சா கூலன்ட் வெளியேற அடியில ஒரு சின்னத் துளை விட்டிருக்காங்க. அந்தத் துளையிலிருந்து விழுற சொட்டு எங்க விழும்? நேரா ஆப்டிஸ்பார்க் தலையில. இந்த எஞ்சினோட கெட்ட பேருல முக்கால்வாசி இந்த ஒரு வடிவமைப்பால வந்தது.

உள்ள ஒரு மெல்லிய உலோகத் தட்டு சுத்தும். வெளி வட்டத்துல 360 துளை, உள் வட்டத்துல 8 துளை. ஒளி உணரி அதை எண்ணி எஞ்சின் எந்தக் கோணத்துல நிக்குதுன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்லும். அதே பெட்டிக்குள்ளதான் ரோட்டர் உயர் மின்னழுத்தத்தையும் பிரிச்சு அனுப்புது. ஈரம் உள்ள போனா ரெண்டு விதமா கெடும். கேப் (மூடி) உள்பக்கம் மின்சாரம் தடம் மாறி ஓடி மிஸ்ஃபயர் வரும், இல்லைன்னா தட்டுலயும் உணரியிலயும் துரு, எண்ணெய்ப் படலம் பிடிச்சு எண்ணிக்கை தப்பும், சூடானதும் எஞ்சின் ஆஃப் ஆயிடும்.

இதுக்குத்தான் இன்டேக் வேக்குவம்ல இழுத்து உள்காத்தை மாத்துற ஹோஸ் ஒண்ணு வெச்சிருக்காங்க. வயசானா அந்த ரப்பர் முழங்கை வெடிக்கும், யாரும் கண்டுக்க மாட்டாங்க. காத்து மாறாம ஓசோனும் ஈரமும் உள்ளயே தங்கி அரிக்கும்.

நேர்ல போனா செய்ய வேண்டியது:

எஞ்சின் முழுக்க ஆறின நிலையில கார் இருக்கணும்னு முன்னாடியே சொல்லிடுங்க. டார்ச்சும் கைக்கண்ணாடியும் எடுத்துட்டுப் போய் கீழேயிருந்து பம்ப்போட அடிவயிற்றைப் பாருங்க. வெள்ளையாவோ பச்சையாவோ காய்ஞ்ச உப்புக் கோடு இறங்கியிருந்தா பம்ப் அழுதிருக்கு. கழுவின கார்ங்கறதால மேல்கோடு போயிருக்கும், ஆனா பம்ப்புக்கும் டைமிங் கவருக்கும் நடுவுல உள்ள இடுக்குல மிச்சம் இருக்கும். விரல விட்டுத் தேய்ச்சுப் பாருங்க.

அப்புறம் ஸ்டார்ட் பண்ணி ஐடில்ல விட்டு ஸ்ப்ரே பாட்டில்ல முன்பக்கம் தண்ணி தெளிச்சுப் பார்க்கிறவங்க இருக்காங்க. அடுத்தவங்க காருக்கு அதைச் செய்யாதீங்க. ஓட்டிப் பார்க்கும்போது முழு ஆக்சிலரேட்டர் மிதிச்சு 4,000 ஆர்பிஎம் தாண்ட விடுங்க. அங்க வெட்டி வெட்டி இழுத்தா சந்தேகம். 20 நிமிஷம் ஓட்டி நிறுத்தி, பத்து நிமிஷம் கழிச்சு மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்க. சூட்டுல ஸ்டார்ட் ஆக மறுத்தா சந்தேகம் இன்னும் பலம்.

எஞ்சின் கம்ப்யூட்டர்ல பதிஞ்ச பிழைக் கோடு (code) படிக்கணும்னா கவனம்: 1995 காருக்கு 16 முனை சாக்கெட் இருக்கும், ஆனா அது ஓபிடி2 (எல்லாக் கம்பெனி காருக்கும் பொதுவான கோளாறு படிக்கிற முறை) இல்ல. கடையில விக்கிற சாதா ஸ்கேனர் பேசவே பேசாது. ஓபிடி1 ஜிஎம் படிக்கிற ஸ்கேனர் வேணும். கோடு 36 வந்தா 360 துளை சிக்னல், 16 வந்தா 8 துளை சிக்னல். ரெண்டுல எது வந்தாலும் முதல்ல கனெக்டரும் வயரிங்கும் பாருங்க, அப்புறம்தான் ஆப்டி.

மாத்த வேண்டி வந்தா வேலை ஒரு முழு நாள். சுருக்கமா வரிசை: பேட்டரி நெகட்டிவ் கழட்டு. ரேடியேட்டர் அடித்திருகுல வடிச்ச பிறகும் பிளாக்குல தண்ணி நிக்கும், பக்கவாட்டுல நாக் சென்சர கழட்டினா அதுவும் வரும். ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மேல பாலித்தீன் போர்த்திட்டுக் கழட்டுங்க. பம்ப்புக்கு ஆறு போல்ட். இழுக்கிறதுக்கு முன்னாடி ஆப்டி மேல ஒரு பிளாஸ்டிக் பையைச் சுத்திடுங்க, இல்லைன்னா பம்ப்ல மிச்சம் உள்ள கூலன்ட் அதுலயே கொட்டும். பம்ப் பக்கெட் மாதிரி சாய்ஞ்சு வராது, ஒரு ஸ்ப்ளைன் (பல்வெட்டு) தண்டு மேல நிக்குது, நேரா முன்னாடி இழுக்கணும்.

அப்புறம் கிராங்க் டேம்பர் (கிராங்க் தண்டு முனையில அதிர்வை அடக்குற சக்கரம்). ஹப்புல எந்தக் கோணத்துல இருந்ததோ அதே கோணத்துல மாட்டணும், மார்க்கர்ல கோடு போட்டுட்டுக் கழட்டுங்க. ஹப்புக்குச் சாவிக் காடி கிடையாது, அதையும் இழுக்கிறதா இருந்தா கிராங்க்கோட சேர்த்தே கோடு. ஆப்டிக்கு மூணு போல்ட். திறந்த கையோட டைமிங் கவர்ல உள்ள மூணு சீலையும் மாத்திடுங்க: கிராங்க் சீல், பம்ப் தண்டு சீல், ஆப்டி சீல். மூணும் சேர்ந்து சாப்பாட்டுக் காசு. அதை விட்டுட்டா ஆயில் கசிஞ்சு புது ஆப்டியையும் கெடுக்கும்.

திரும்ப மாட்டும்போது ஆப்டி கையால தள்ளினாலே கடைசி வரைக்கும் போய் உட்காரணும். உட்காரலைன்னா பின் (pin) பொருந்தலைன்னு அர்த்தம். போல்ட்டை முறுக்கி இழுத்தா உடைஞ்சிடும். பம்ப் போல்ட் 30 அடி-பவுண்டு.

கடைசியா ஏர் எடுக்கிறது. இந்த எஞ்சின்ல கூலன்ட் முதல்ல ஹெட்டுக்குப் போய் அப்புறம்தான் பிளாக்குக்கு இறங்கும், மத்த எஞ்சினுக்கு நேர்மாறு. ஏர் மாட்டிக்கிட்டா ஹெட்டுலதான் மாட்டும். தெர்மோஸ்டாட் ஹவுசிங் மேல ஒரு பித்தளைத் திருகு, த்ராட்டில் பாடிக்கு மேல போற குழாயில இன்னொண்ணு. ரெண்டையும் திறந்துவெச்சு மெதுவா ஊத்துங்க, குமிழி இல்லாம நூல் மாதிரி வந்ததும் மூடுங்க. பித்தளை, வேகமா முறுக்கினா தலை தேஞ்சிடும்.

#7 எட்டு சிலிண்டர்

ராணி அக்கா சொன்னதுல ஒரே இடத்துல மாறுபடுறேன். பம்ப் கசிஞ்சா ஆப்டியையும் கண்ணை மூடிக்கிட்டு மாத்தணும்னு இல்ல. ஒரிஜினல் யூனிட்ல உள்ள ஒளி உணரி மிட்சுபிஷி தயாரிப்பு. இப்போ மலிவா வர்ற டப்பாக்கள்ல வேற உணரி. முப்பது வருஷம் ஓடின ஒரிஜினலைக் கழட்டி எறிஞ்சிட்டு மூணு மாசத்துல சாகிறதைப் போடுறதுல என்ன லாபம்? கேப்பைக் கழட்டி உள்ள காய்ஞ்சு சுத்தமா இருக்கான்னு பாருங்க. இருந்தா கேப், ரோட்டர், வேக்குவம் ஹோஸ் மட்டும் புதுசு, பேஸ் அப்படியே.

அப்புறம், ஆன்லைன்ல ஆப்டி வாங்கும்போது பின் (pin) டிரைவா ஸ்ப்ளைன் டிரைவான்னு பாருங்க. பழைய கமாரோ, கார்வெட்டுக்கு வந்த ஸ்ப்ளைன் வகை இதுக்குப் பொருந்தாது.

#8 ரெஞ்ச் ராணி

சரிதான், உள்ள காய்ஞ்சிருந்தா ஒத்துக்கிறேன். ஆனா கேப் திருகுகள் பெரும்பாலும் துரு பிடிச்சு தலை முறியும், முறிஞ்சா பேஸையும் சேர்த்து மாத்தியே ஆகணும். அதுக்கும் தயாரா போங்க. இக்னிஷன் மாட்யூலையும் மறந்துடாதீங்க, சூட்டுல நிக்கிற நோய் பாதி நேரம் அதோடதுதான். மாத்தினா அடியில வெப்பம் கடத்தும் வெள்ளைப் பேஸ்ட் கண்டிப்பா தடவணும்.

#9 மெத்தை சீட்

எல்லாரும் பானெட்டுக்குள்ளேயே நிற்கிறீர்கள். இந்தக் காரை யாரும் எஞ்சினுக்காக வாங்குவதில்லை, உட்காருவதற்காக வாங்குகிறார்கள். நீளம் 225 அங்குலம், சக்கர இடைவெளி 121.5 அங்குலம். முதலில் உங்கள் கராஜ் அளவெடுங்கள், சிரிக்காதீர்கள்.

உள்ளே பார்க்க வேண்டியவை. மேற்கூரைத் துணி: அடியில் உள்ள பழுப்பு நுரை பொடியாகிவிட்டால் துணி தொங்கும். பசை ஸ்ப்ரே அடித்து ஒட்டினால் ஒரு வெயில் தாங்காது, பலகையைக் கழற்றி நுரையைச் சுரண்டி எடுத்துப் புதுத் துணி போட வேண்டும். குண்டூசி குத்தி நிறுத்தியிருக்கிறார்களா என்று ஓரங்களில் பாருங்கள். டிஜிட்டல் மீட்டர்: ஒவ்வொரு எண்ணும் முழுப் பிரகாசத்தில் எரிகிறதா, பகலில் மங்குகிறதா. நாலு ஜன்னலையும் முழுக்க இறக்கி ஏற்றுங்கள், இரண்டு முறை. நடுவில் தயங்கினால் மோட்டாரோ ரெகுலேட்டரோ போகப் போகிறது.

பின்பக்கம் ஏர் ஷாக். இரண்டு பேர் டிக்கியில் உட்கார்ந்து சாவியை ஆனில் வைத்தால் அரை நிமிடத்துக்குள் கம்ப்ரசர் ஓடிப் பின்பகுதியைத் தூக்க வேண்டும். இறங்கினால் காற்றை விட்டுப் பழைய உயரத்துக்கு வர வேண்டும். கம்ப்ரசர் ஓடிக்கொண்டே இருந்து உயரம் ஏறாவிட்டால் பிளாஸ்டிக் குழாயில் கசிவு, அல்லது குழாய் முனை ஓ-ரிங். சோப்புத் தண்ணீர் தடவினால் தெரிந்துவிடும். கம்ப்ரசரே ஓடாவிட்டால் பின் ஆக்சில் பக்கம் உள்ள உயர சென்சரின் கம்பி கழன்றிருக்கிறதா முதலில் பாருங்கள்.

டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட டிஓடி எண்ணின் (தயாரிப்பு எண்) கடைசி நாலு இலக்கம் வாரமும் ஆண்டும். 3012 என்றால் 2012-இன் 30-ஆவது வாரம். பட்டன் எவ்வளவு இருந்தாலும் அதை நம்பி நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள். ஒரிஜினல் அளவு 235/70ஆர்15, வெள்ளைக் கோட்டோடு இப்போது எளிதில் அமைவதில்லை. பலர் 235/75ஆர்15 போட்டுவிடுகிறார்கள். விட்டம் 3.3 சதவீதம் கூடும், மீட்டர் 60 காட்டும்போது உண்மையில் 62. ஸ்கர்ட்டோடு இடிக்கிறதா என்று சுமை ஏற்றிப் பார்க்க வேண்டும்.

#10 கவலைக்காரன்

நார்த்ஸ்டார் பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். கியர்பாக்ஸ் எப்படி? விளம்பரங்களில் "வி4பி" (V4P) என்று ஒன்று போட்டு விலை கூட்டுகிறார்களே, அது என்ன?

#11 எட்டு சிலிண்டர்

வி4பி 7,000 பவுண்டு இழுவை பேக்கேஜ். 3.42 பின் ஆக்சில் (அதோட கியர் விகிதம்), பெரிய கூலிங் எல்லாம் சேர்ந்தது. டிக்கி மூடி உள்பக்கம் ஒட்டியிருக்கிற ஆப்ஷன் ஸ்டிக்கர்ல மூணெழுத்து கோடுகள் இருக்கும், அதுல 'வி4பி' தேடுங்க. ஆக்சிலுக்கு 'ஜியூ6' இருந்தா 3.42. ஸ்டிக்கர்ல இல்லாம விக்கிறவர் வாயில மட்டும் இருந்தா ஒத்துக்காதீங்க.

வி4பி இல்லாத காருக்கு 2.56 ஆக்சில். சிக்னல்ல கிளம்பும்போது மந்தம், ஆனா நெடுஞ்சாலையில சொகுசு. நாலாவது கியர் 0.70, கன்வர்ட்டர் லாக் ஆனா 60 மைல்ல சுமார் 1,300 ஆர்பிஎம். 3.42-ல அதே வேகத்துக்கு 1,700 தாண்டும். எனக்குக் கேட்டா மெத்தை மாதிரி போறதுக்கு 2.56 தான் இந்தக் காரோட குணம். டிரெய்லர் இழுக்கப் போறீங்களா என்ன?

கியர்பாக்ஸ் 4எல்60-இ. ரெண்டு இடத்துல சாகும். ஒண்ணு 3-4 கிளட்ச்: ரெண்டுலேருந்து மூணு மாறும்போது ஆர்பிஎம் துள்ளி மேல போய் அப்புறம் பிடிச்சா தட்டு எரிஞ்சிருக்கு. இன்னொண்ணு சன் ஷெல் (கியர்பாக்ஸ் உள்ள இருக்கிற உருளைத் துண்டு) உடையறது: ரெண்டும் நாலும் ரிவர்சும் ஒரே நேரத்துல காணாம போகும், முதலும் மூணும் மட்டும் இருக்கும். அதனால வண்டி நல்லா சூடான பிறகு ரிவர்ஸ் போட்டு லேசான மேட்டுல ஏத்திப் பாருங்க.

டிப்ஸ்டிக் பார்க்கிறது எஞ்சின் ஓடும்போது, சூட்டுல, பார்க்ல வெச்சு. ஆயில் சிவப்பா இருந்தா நல்லது, பழுப்பா தீஞ்ச வாசனை அடிச்சா பேரம் ஆரம்பிக்கலாம். கியர்பாக்ஸ் அடியில உள்ள ஆயில் பான் (pan) இறக்கி ஃபில்ட்டர் மாத்தினா சுமார் 5 குவார்ட் பிடிக்கும். இப்போ டெக்ஸ்ரான் 6 ஊத்தலாம். பான் காந்தத்துல சாம்பல் நிறக் குழம்பு சகஜம், மின்னுற துண்டு இருந்தா சகஜம் இல்ல.

#12 பத்திரம்பார்

காகிதம் பற்றி யாரும் பேசவில்லை, நான் பேசுகிறேன்.

61,000 மைல் என்பது சட்டப்படி யாரும் உறுதி சொல்லாத எண். 2010 மாடல் வரைக்கும் உள்ள கார்களுக்கு ஓடோமீட்டர் அறிக்கை கொடுக்க வேண்டிய கட்டாயம் முடிந்துவிட்டது, டைட்டிலில் (உரிமைப் பத்திரம்) 'விலக்கு' என்றே வரும். அதனால் ஆயில் பில்களை ஆண்டுவாரியாக அடுக்கி மைல் ஏறும் வரிசையைப் பாருங்கள். 2009 பில்லில் எவ்வளவு, கடைசி பில்லில் எவ்வளவு, நடுவில் ஓர் ஆண்டு குதிக்கிறதா. பிரேக் பெடல் ரப்பரின் தேய்மானமும் டிரைவர் சீட்டின் வெளி ஓரத் தோலும் அந்த எண்ணோடு ஒத்துப்போக வேண்டும்.

டைட்டில் விற்பவர் பெயரிலேயே இருக்கிறதா, பழைய கடன் குறிப்பு நீக்கப்பட்டிருக்கிறதா, சால்வேஜ் (பெரும் சேதத்தால் கழிக்கப்பட்ட கார்) முத்திரை உண்டா என்று பாருங்கள். டேஷ்போர்டு வின், டிரைவர் கதவு ஸ்டிக்கர் வின், டைட்டில் வின் மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும்.

உங்களுக்கு ஒரு சாதகம். நியூ ஜெர்சியில் 1995-உம் அதற்கு முந்தையதுமான பெட்ரோல் கார்களுக்குப் புகைச் சோதனை இல்லை. இதே கார் 1996 மாடலாக இருந்திருந்தால் ஓபிடி2 சோதனைக்குள் வந்துவிடும். 25 ஆண்டு தாண்டியதால் ஹிஸ்டாரிக் நம்பர் பிளேட்டும் கேட்கலாம், ஆனால் அதோடு தினசரி வேலைக்கு ஓட்ட முடியாது. கிளாசிக் காப்பீடும் அப்படித்தான், முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்பைத் தருவார்கள், பதிலுக்கு தினப்படி ஓட்டக் கூடாது, பூட்டிய கராஜ் வேண்டும் என்பார்கள்.

#13 நெடுஞ்சாலை

சனிக்கிழமை பார்த்தாயிற்று. இங்கே சொன்ன வரிசையிலேயே போனேன். குறிப்புகள்:

கூரை: பின் கண்ணாடி இடது கீழ் மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு அப்பளச் சத்தம். வலது மூலை மெத்தென்று இருக்கிறது. முன் விளிம்பும் நன்றாக இருக்கிறது. டிக்கிக் குழியில் இடப்பக்கம் மட்டும் பழைய நீர்க்கோடு, இப்போது ஈரம் இல்லை.

கீழ்ப்பட்டை: காந்தம் எல்லா இடத்திலும் ஒட்டியது. சேஸி தட்டியதில் நாலு பக்கமும் "டங்". பிரேக் குழாயில் மேல்துரு. அண்டர்கோட் எதுவும் அடிக்கவில்லை.

வாட்டர் பம்ப்: வெளியே சுத்தம். இடுக்கில் விரல் விட்டால் பச்சை கலந்த வெள்ளைப் பொடி வந்தது. ஆப்டி வேக்குவம் முழங்கை கையில் தொட்டதும் பிளந்தது. பிழைக் கோடு (code) எதுவும் இல்லை, 4,500 ஆர்பிஎம் வரை வெட்டாமல் இழுத்தது, சூட்டில் ஸ்டார்ட் ஆனது.

கியர்பாக்ஸ் சரி, ஆயில் சிவப்பு. ஸ்டிக்கரில் வி4பி இல்லை. பின் ஏர் ஷாக் ஏறி இறங்கியது. நாலு ஜன்னலும் சரி, மேற்கூரைத் துணியில் ஊசி இல்லை. பின் விளக்கு, கிரில், பட்டை, ஸ்கர்ட் எதிலும் விரிசல் இல்லை. டயர் 2214.

பில் வரிசை 2009-இல் 38,000 மைலில் தொடங்கிக் குதிக்காமல் ஏறுகிறது. டைட்டில் சுத்தம்.

#14 பழைய இரும்பு

நல்ல கார்தான். பட்டையும் விளக்கும் முழுசாக இருப்பதுதான் இதில் பெரிய சொத்து.

ஒரு மூலை துரு என்றால் முழுக் கூரைக்கும் காசு ஒதுக்கிக்கொண்டு பேசுங்கள். வினைலை மூலையில் மட்டும் உரித்து ஒட்டினால் நிறமும் தையலும் சேராது. அங்கே பாடி ஷாப் ஒன்றில் காரைக் காட்டி, கண்ணாடி கழற்றுவது, தகடு வெல்டு, புது வினைல் மூன்றையும் தனித்தனி வரியாக எழுத்தில் வாங்குங்கள். அந்தக் காகிதத்தை விற்பவர் முன்னால் வைத்தால் வாக்குவாதமே வராது. பம்ப், ஆப்டி கேப், நாலு டயர் இவற்றையும் அதே தாளில் கூட்டுங்கள். "எந்தக் குறையும் இல்லை" என்ற விலையில் இதற்கெல்லாம் இடம் இல்லை.

வேலை நடக்கும் வரை மழையில் நிறுத்தாதீர்கள், கழுவவும் வேண்டாம். ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

#15 ரெஞ்ச் ராணி

450 மைல் ஓட்டாதீங்க. பம்ப் கசிய ஆரம்பிச்சாச்சு, வேக்குவம் ஹோஸ் பிளந்தாச்சு, டயர் 2014. மூணுல எது நடுவழியில நின்னாலும் இழுத்துக் கட்டுற செலவு வரும். பிளாட்பெட்ல ஏத்துங்க. சுமார் 4,500 பவுண்டு, 225 அங்குலம்னு முன்கூட்டியே சொல்லணும், சின்ன பிளாட்பெட் அனுப்பிடுவாங்க.

ஓட்டி வந்தே ஆகணும்னா அங்கயே டயரும் பம்ப்பும் மாத்திட்டு, ஏர் எடுத்துட்டு, 30 மைல் ஓட்டி ஆறவிட்டு கூலன்ட் அளவு பார்த்துட்டுக் கிளம்புங்க.

வந்ததும் வாங்க வேண்டிய சாமான்: வாட்டர் பம்ப், பம்ப் கேஸ்கெட் ரெண்டு, டைமிங் கவர் சீல் மூணு, ஆப்டி கேப், ரோட்டர், வேக்குவம் ஹோஸ் செட், 180 டிகிரி தெர்மோஸ்டாட், பச்சைக் கூலன்ட் ரெண்டு கேலன், அதே அளவு டிஸ்டில்ட் வாட்டர். 1995-க்குப் பச்சைதான் வந்தது. ஆரஞ்சு ஊத்தணும்னா முழுசா ஃப்ளஷ் பண்ணிட்டு ஊத்துங்க, ரெண்டையும் கலக்காதீங்க.

#16 நெடுஞ்சாலை

பாடி ஷாப் எஸ்டிமேட் வாங்கி அனுப்பியிருக்கிறேன். 13,500-இலிருந்து 10,800-க்கு இறங்கி வந்திருக்கிறார், நான் 10,200-இல் நிற்கிறேன். பிளாட்பெட் விசாரித்தாயிற்று, 22 அடி தளம் உள்ளது அடுத்த வியாழக்கிழமை காலி.

ராணி அக்கா, ஒரு கேள்வி மிச்சம். கேப் திருகு முறியாமல் இருக்க ஊடுருவும் ஆயிலை முந்தின நாளே அடிக்கலாமா, இல்லை அது உள்ளே இறங்கி உணரியைக் கெடுக்குமா?

#17 ரெஞ்ச் ராணி

கார்ல இருக்கும்போது அடிக்காதீங்க, உள்ள இறங்கும். யூனிட்டைக் கழட்டி மேஜையில கேப் கீழ்நோக்கி இருக்கிற மாதிரி கவுத்துவெச்சு, திருகு மரை வெளிய தெரியுற பக்கத்துல பஞ்சுக் குச்சியில ஒரு சொட்டு மட்டும் வைங்க. ஒரு மணி நேரம் விட்டு, சரியான அளவு பிட் போட்டு, முதல்ல இறுக்குற பக்கம் ஒரு மயிரிழை அசைச்சிட்டு அப்புறம் திருப்புங்க.